ஏழு மாதம் டயர் பார்த்தவர்

ஓட்டுநர் உரிமம் வாங்க வருகிறவர்களைச் சோதித்துப் பார்க்கும் அந்த அம்மாளுக்கு, தோற்றுப்போனவர்கள் வைத்த பெயர் ‘சிவப்பு மை’. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. சிமெண்டுத் தரை, எட்டுப்போட வெள்ளைக் கோடு, வரிசையாக ரப்பர்க் கூம்புகள், ஓரத்தில் ஒரு தகரக் கூரை, அதற்கடியில் அவள் மேஜை. வேகமாக ஓட்டுகிறவனை ஒருமுறை எச்சரித்து விடுவாள். கோட்டைத் தொட்டவனுக்குக்கூட இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதுண்டு. ஆனால் நாலு பக்கமும் காலியாகக் கிடக்கும் சந்திப்பில் காலை ஊன்றிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று முழிக்கிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. பேனாவைத் திறந்து ‘தயக்கம்’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த கணவர், மோட்டார்சைக்கிளுக்கு இரண்டு டயர் வாங்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டார்.

அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் கொள்முதல் பிரிவு அதிகாரி. பஞ்சு, கையுறை, கட்டில் எது வாங்குவதானாலும் நாலு நிறுவனங்களின் விவரத்தை வாங்கி, அக்கம்பக்கமாக வைத்து அட்டவணை போட வேண்டியது அவர் பொறுப்பு. அங்கே அவருக்கு நல்ல பெயர். இருக்காதா பின்னே? அட்டவணைக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். வீட்டில் அப்படி ஒருவர் இல்லாததுதான் கோளாறு. திரைச்சீலைத் துணி பார்க்கிறேன் என்று மூன்று கோடைகாலம் ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டிக் குடித்தனம் நடத்த வைத்தார். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்றைக்கும் அவளுக்குப் ‘பாப்பா’ என்பதுதான் பெயர். எழுத்தர் நிமிர்ந்து பார்க்க, இவர் பையிலிருந்து பட்டியலை எடுக்க, மனைவிதான் பேனாவைப் பிடுங்கி ஒரு பெயரை எழுதினாள்.

பெண் பார்த்துவிட்டுப் போனவர் சரி என்று சொல்லி அனுப்பவே பதினான்கு மாதம் ஆயிற்று. அவ்வளவு யோசித்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரே என்று அந்த வயதில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, பொறுமையிழந்து முடிவு செய்தது அவருடைய அக்கா என்று.

அந்த வண்டிகூட அவர் தேடி வாங்கியதல்ல. வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போன சக அதிகாரி ஒருவர், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் சாவியை இவர் கையில் திணித்துவிட்டார். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த கனமான வண்டி. ஸ்போர்ட் டூரிங் என்று அந்த ரகத்துக்குப் பெயர். முன்னால் காற்றைத் தடுக்கிற கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டிகள், பின்னால் ஓர் ஆள் சாய்ந்து உட்கார்ந்து வரத் தோதான இருக்கை. அவளும் வாசலில் நின்றிருந்தாள்.

“முதல் வேலையா டயரை மாத்திடுங்க. கோடெல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு ஏமாந்துடாதீங்க. எட்டு வருஷ ரப்பர், கல்லாயிடுச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர்.

“மாத்திட்டு நாம ரெண்டு பேரும் இதுலயே பாப்பா வீட்டுக்குப் போயிட்டு வருவோம்” என்றார் கணவர். கல்யாணமாகிப் போன மகள் மலைக்கு அந்தப் பக்கம், எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாள். இவளுக்கு உள்ளூர ஆசை பொங்கியது, காட்டிக்கொள்ளவில்லை. மறுவாரமே தடித்த மேலங்கி ஒன்றை வாங்கிவந்து கதவுக்குப் பின்னால் மாட்டினாள். விடுப்புக்கும் எழுதிக் கொடுத்தாள்.

அவர் ஒரு பதிவேடு வாங்கினார்.

நீளவாக்கில் திறக்கும் தடிமனான பதிவேடு. சந்தையில் இருந்ததில் நாலு டயர்களைப் பொறுக்கி, அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்து, முப்பத்தோரு கட்டம் போட்டார். மழையில் பிடிமானம், வெயிலில் பிடிமானம், எத்தனை கிலோமீட்டர் உழைக்கும், ஓடும்போது எவ்வளவு சத்தம், சூடேற எவ்வளவு நேரம், நடுவில் ரப்பர் எவ்வளவு கெட்டி, ஓரத்தில் எவ்வளவு மெது. சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சு.

“நேரா ஓடறப்போ நடுப்பகுதி மட்டுந்தான் தேயும். அதனால நடுவுல கெட்டி ரப்பர். வளைவுல சாயறப்போ ஓரந்தான் பிடிக்கணும். அதனால அங்க மெது. ‘ஆ’வுல இந்தச் சேர்க்கை பிரமாதம். ஆனா மழையில ‘இ’ ஒரு படி மேல.”

“அப்போ ‘இ’யை வாங்குங்க.”

“ஆனா ‘ஈ’ ரெண்டாயிரம் கிலோமீட்டர் கூடுதலா ஓடுமாம்.”

“அப்போ ‘ஈ’யை வாங்குங்க.”

“உனக்கு எல்லாம் விளையாட்டு” என்று அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். இத்தனைக்கும் அந்த வண்டி இதுவரை ஓடிய அதிகபட்ச தூரம் தெருமுனை மருந்துக்கடை. ஞாயிறு காலையில் கிளப்பி, சூடேற விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, கொண்டுவந்து நிறுத்தி, துணி போட்டு மூடுவார். இதற்குப் பத்தாயிரம் ஓடினால் என்ன, பன்னிரண்டாயிரம் ஓடினால் என்ன?

இவருக்கு ஏற்ற கூட்டமும் சேர்ந்தது. கைபேசியில் ஒரு குழு. பல் மருத்துவர் ஒருவர், கட்டிடப் பொறியாளர் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கட்டைவிரல் நகத்தால் டயரை அழுத்திப் பார்ப்பார்கள். பல் மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார், ஏதோ கடைவாயில் வலி தேடுகிற மாதிரி.

“நான் எப்பவும் பந்தயத்துக்கான மெது ரப்பர்தான். வளைவுல முட்டி தரையில உரசணும் சார்” என்றார் பல் மருத்துவர்.

அவள் காபியை வைத்துவிட்டு, வாசலில் நின்ற அவருடைய வண்டியைப் பார்த்தாள். பின்டயரின் இரண்டு ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் பளபளவென்று புதுசாக இருந்தது. தரையே படவில்லை. முட்டி உரசுகிறாராம் முட்டி. வண்டி நிமிர்ந்த மேனிக்கே வாழ்ந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடத் தேர்வாளருக்கு இது தெரியாதா? அவளுக்கு எல்லா வகை வாகனத்துக்கும் உரிமம் உண்டு. துறைப் பயிற்சியில் கனமான வண்டிகளை மழையில் ஓட்டியவள். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கணவரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. இவர்களிடம் பேசி ஆகப்போவது என்ன என்ற இளக்காரம்தான்.

முதல் விடுப்பு ரத்தாயிற்று; புது ரகம் ஒன்று வரப்போவதாக யாரோ எழுதியிருந்தார்கள், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டாவது விடுப்பும் ரத்தாயிற்று. அந்தப் புது ரகம் வந்துவிட்டது, அதற்கும் முப்பத்தோரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது. மூன்றாம் முறை எழுதிக் கொடுத்தபோது மேலதிகாரி, “இந்தத் தடவையாவது போவீங்களா?” என்று சிரித்தார். ஊரையெல்லாம் தயக்கத்துக்காகத் தோற்கடித்தவளுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அம்மா, நீங்க பஸ்ஸுலயே வந்துடுங்க. அப்பா டயர் வாங்கறதுக்குள்ள என் பொண்ணு காலேஜுக்குப் போயிடுவா” என்றாள். பேத்திக்கு வயது ஒன்றரை.

மறுநாள் கணவர் வேலைக்குப் போனதும், அவள் அலுவலகத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு மேலங்கியை மாட்டினாள். பதிவேட்டைப் பெட்டிக்குள் போட்டாள். துணியை உருவினாள். வண்டியை நிமிர்த்தியபோது இடுப்பு ஒருமுறை முனகியது. உயரமானவள், இரண்டு காலும் தரையை எட்டின.

லேசான தூறல். முதல் வளைவிலேயே, வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனவர் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. டயர் சாலையைப் பிடிக்கவில்லை, சும்மா உருண்டது. நடந்து போகிறவர்கள் கடக்கும் வெள்ளைக் கோட்டின்மேல் பின்சக்கரம் ஒரு சாண் விலகி, பிறகு வந்து ஒட்டியது. இந்தக் கல்லை வீட்டில் வைத்துக்கொண்டுதான் ஏழு மாதம் கட்டம் நிரப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்குப் போன வழியில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்திருந்தால்? அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் கூடுதலாக வந்தது. நாற்பது நிமிடத் தூரத்தை ஊர்ந்தே போய்ச் சேர்ந்தாள்.

டயர்க் கடைக்கு முன்னால் சின்னச் சரிவு. ஈரத்தில் எண்ணெய் படிந்திருந்தது. மெதுவாகத்தான் பிரேக்கை அழுத்தினாள். பின்சக்கரம் வழுக்கி, வண்டி அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் படுத்தது. அவள் முழங்கை தரையில் சிராய்த்தது. இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள்: பருத்த கடைக்காரர், டயர் மாற்றும் மெலிந்த ஆள்.

“அட, ஆராய்ச்சி வண்டி!” என்றார் மெலிந்தவர்.

“யார் வண்டி?”

“ஒண்ணுமில்லம்மா” என்று கடைக்காரர் சமாளித்தார். “சார் இந்த வண்டி போட்டோவோட இங்க பதினாலு தடவை வந்திருக்காரு. நாங்க செல்லமா அப்படிச் சொல்லிக்குவோம். நீங்க அவரு வீட்டம்மாவா?”

கவிழ்த்த டப்பா ஒன்றில் உட்கார வைத்து, பஞ்சும் மருந்தும் கட்டுத்துணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் முழங்கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மெலிந்தவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு டயரை எடுத்துத் தூக்கிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிற மாதிரி பாவனை செய்து, “இதுல ஓரத்து ரப்பர் எத்தனை சதவீதம் மெதுன்னு எழுதித் தர முடியுமா?” என்றார். குரல் அப்படியே அவர் குரல். கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஏழு மாதமாக அவளும் மனசுக்குள் இதே கூத்தைத்தான் நடத்திவந்தாள். இதைவிட நன்றாகவே நடித்துக் காட்டுவாள். ஆனாலும் அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. அந்த மனிதரை இளக்காரமாகப் பேச முப்பது வருடம் கூடவே குப்பை கொட்டியிருக்க வேண்டும். டயர் கழற்றுகிறவனுக்கெல்லாம் அந்த உரிமை ஏது?

“நிறுத்துங்க” என்றாள். தேர்வு மைதானத்தில் கேட்கும் குரல். “பதினாலு தடவை வந்தார்னு சொல்றீங்களே, அதுல ஒரு தடவையாவது வண்டி என்ன கனம், எத்தனை பேர் போறாங்க, எந்த ரோடுன்னு நீங்க கேட்டீங்களா?”

மெலிந்தவர் தூக்கிப் பிடித்த டயரைக் கீழே வைத்தார்.

“கேட்கலை. கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். அவர் கேள்வி கேட்கறதை வேடிக்கை பாத்தீங்க. வாங்க வந்தவரைச் சிரிச்சு அனுப்பறதுக்கா கடை வெச்சிருக்கீங்க?”

கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “தப்புதாம்மா” என்றவர், வியாபாரியின் குரலுக்கு மாறினார். “இப்போ கேட்கறேன். தனியாப் போறீங்களா, ரெண்டு பேரா?”

“எல்லாம் இதுல இருக்கு” என்று பெட்டியிலிருந்து பதிவேட்டை எடுத்து நீட்டினாள். என்னதான் இருந்தாலும் ஏழு மாத உழைப்பு. அதைக் காட்டி இவர்கள் வாயை அடைக்கலாம் என்று ஒரு எண்ணம். கடைக்காரர் விரலை வைத்து வரிசையாகப் படித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார்.

“இதுல ‘சுமை: தனி ஆள்’னு போட்டிருக்கே.”

வாங்கிப் பார்த்தாள். பத்தொன்பதாவது கட்டம். அழகான கையெழுத்து. அ-வுக்கு நேராகத் தனி ஆள். ஆ-வுக்கும் தனி ஆள். கடைசி வரைக்கும் தனி ஆள். முப்பத்தோரு கட்டத்தில் ஒன்றில்கூட அவள் இல்லை. டயர் சூடேறும் நேரத்துக்கு இடமிருந்தது. பின்னால் உட்கார வேண்டியவளுக்கு இடமில்லை. முழங்கை அப்போதுதான் எரியத் தொடங்கியது.

“ரெண்டு பேர்” என்றாள். “ரெண்டு பெட்டி நிறையச் சாமான். மலை உண்டு. மழை உண்டு. பந்தயமெல்லாம் ஓட்டலை.”

“அப்போ ‘இ’தான். அதுலயே கன வண்டிக்குன்னு தனியா ஒண்ணு வருது. பக்கச்சுவர் தடிமனா இருக்கும், சுமை ஏத்தினா நெளியாது. சாரோட பட்டியல்ல அது இல்லை.”

“போடுங்க.”

அரை நிமிடம்கூட ஆகவில்லை. மெலிந்தவர் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தார். வேலையில் குறை சொல்ல முடியாது: பழைய டயரைக் கழற்றி, சக்கரத்தின் உள்விளிம்பைத் துடைத்து, புதிய வால்வு போட்டு, சக்கரத்தைச் சுழலவிட்டு, எடை ஏறின பக்கத்துக்கு எதிரே ஈயத் துண்டு ஒட்டினார். “முதல் நூறு நூத்தம்பது கிலோமீட்டர் பாத்துப் போங்கம்மா. புது ரப்பர் வழுக்கும். கொஞ்சங் கொஞ்சமா சாய்ச்சுப் பழக்குங்க” என்றார், வண்டியைப் பார்த்தபடியே.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. தூறல் நின்றிருந்தது. ஊரைத் தாண்டி நேர்ச்சாலையில் போனாள். பிறகு ஏரிக்கரையின் நீண்ட வளைவுகளில் திரும்பினாள். முதலில் கொஞ்சமாக, அப்புறம் இன்னும் கொஞ்சம். காலையில் உருண்ட அதே வண்டி இப்போது நினைத்த இடத்தில் போய் நின்றது. ஒரு வளைவை முடித்து நிமிர்ந்தபோது தான் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருப்பது தெரிந்து, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு மணிக்கு வீடு திரும்பினாள்.

கணவர் ஐந்து மணிக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

“யாரு மாத்தினது?”

“நான்.”

மண்டியிட்டுக் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, டயரின் பக்கவாட்டில் ஒரு நாலு இலக்க எண்ணைத் தேடினார். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று காட்டும் எண். “பதினோராவது வாரம். அப்படின்னா ஆறு மாசம் ஆயிருக்கு. கேட்டுத்தான் வாங்கினியா?” பிறகு பெட்டியில் இருந்த கீறலைத் தடவினார். பிறகு, கடைசியாக, “கையில என்ன கட்டு?” என்றார்.

“பத்தொன்பதாவது கட்டத்துல ஏன் தனி ஆள்னு போட்டீங்க?”

அவர் நிஜமாகவே யோசித்தார். “எல்லாப் பத்திரிகையும் தனி ஆளை வெச்சுத்தானே சோதிக்கறாங்க. ஒப்பிட்டுப் பாக்கணும்னா எல்லாத்துக்கும் ஒரே அளவா இருக்கணுமில்லையா?”

அவ்வளவுதான். அதில் ஒரு கள்ளமும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவளுக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது. வேண்டாம் என்று விட்டிருந்தால்கூட, மனுஷன் ஒரு முடிவாவது எடுத்தார் என்று இருந்திருக்கும்.

“ரெண்டு பேருக்கான டயர் இது” என்றாள். “உங்க பட்டியல்லயே இல்லாதது. வெள்ளிக்கிழமை கிளம்பறோம்.”

அன்றைக்கே குழுவில் அவர் எழுதினார்: ‘ஏழு மாத ஆய்வுக்குப் பின் இ-யை இறுதி செய்துவிட்டேன். அதில் கன வண்டிகளுக்கெனத் தனி ரகம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.’ பல் மருத்துவர் கைதட்டும் படம் போட்டார். கணக்கு வாத்தியார், ‘அவசரப்படாததன் பலன்’ என்று எழுதினார். மேஜையில் கிடந்த கைபேசியில் அதைப் படித்துவிட்டு அவள் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர் சாவியும் கையுமாக வண்டியருகே நின்றார். நான் ஓட்டுவதா, நீ ஓட்டுவதா. காற்று இந்த அளவா, அந்த அளவா. ஆற்றங்கரைச் சாலையா, மேட்டுச் சாலையா. அவள் சாவியை வாங்கி, தலைக்கவசத்தை மாட்டி, முன்னால் உட்கார்ந்தாள். “ஏறுங்க” என்றாள். ஏறினார்.

முதல் நூறு கிலோமீட்டருக்கு முதுகுக்குப் பின்னால் ஏதோ யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை, அந்தமட்டுக்கு நல்லதாயிற்று. மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள். அவள் சாய்த்தபோது, இவர் பயந்து நிமிரப்போகிறார், வண்டி ஆடப்போகிறது என்று தயாராக இருந்தாள். ஆடவில்லை. அவள் எவ்வளவு சாய்ந்தாளோ அவ்வளவு சாய்ந்தார், நிமிர்ந்தபோது நிமிர்ந்தார். அவள் பிரேக்கைத் தொட்டபோது முன்னால் வந்து மோதாமல் கைப்பிடியை ஊன்றிக்கொண்டார். அவள் சோதித்த எத்தனையோ பேருக்கு இப்படி ஓர் ஆளைப் பின்னால் வைத்து ஓட்டக் கொடுத்துவைக்கவில்லை. எதையும் முடிவு செய்ய வேண்டாத இடத்தில் உட்கார வைத்தால் மனுஷன் சொக்கத் தங்கம் என்று நினைத்துக்கொண்டாள். கூடவே, இதைப் பாராட்டாக அவரிடம் சொல்லவே முடியாது என்றும் தோன்றியது.

மறுநாள் பிற்பகல் மகள் வீட்டு வாசலில் போய் நின்றபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். மாப்பிள்ளை குடையோடு ஓடி வந்தார். கணவர் தலைக்கவசத்தைக் கழற்றியதும் முதல் வேலையாக அவரைப் பின்சக்கரத்தருகே அழைத்துப்போனார். “பாருங்க மாப்பிள்ளை, இதோட பக்கச்சுவர் தடிமன். சாதாரணமா இதை யாரும் கவனிக்கறதில்லை” என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை குடையை அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி, பவ்யமாக ஊம் கொட்டினார்.

மகள் துண்டைக் கொண்டுவந்து அம்மாவின் தலையைத் துவட்டினாள். “யாரும்மா ஓட்டிட்டு வந்தது?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அங்க சொல்லிட்டிருக்காரே, கேட்டுக்க” என்றாள் அவள். பேத்தி அவள் நனைந்த மேலங்கியின் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உலர்ந்த உடுப்புத் தேடி உள்ளே போனாள். வாசலில் அவர் முன்சக்கரத்துக்கு வந்திருந்தார்.